நாற்றுகளின் வெளிறிய நெடுவளர்ச்சி

நாற்றுகளின் வெளிறிய நெடுவளர்ச்சி என்பது, போதிய ஒளி கிடைக்காத இளம் நாற்றின் தண்டு மட்டும் அளவுக்கு மீறி நீண்டு, மெலிந்து, வெளிறிய நிறத்துடன் வளரும் நிலையாகும். தாவரவியலில் இது எட்டியோலேஷன் எனப்படுகிறது. பேச்சுவழக்கில் நாற்று நெடுத்துப்போனது என்பார்கள். வீட்டுக்குள்ளும், சன்னலோரத்திலும், மூடிய பால்கனியிலும் வளர்க்கப்படும் தக்காளி, மிளகாய், கத்தரி, கீரை, வெள்ளரி முதலிய நாற்றுகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

இந்நிலை ஒரு நோய் அன்று. சத்துக் குறைபாடும் அன்று. ஒளியைத் தேடி நாற்று மேற்கொள்ளும் இயல்பான முயற்சியே இது. ஆனால் பலர் இதனைச் சத்துக்குறைவு என்று கருதி உரமும் நீரும் கூட்டிக் கொடுக்கின்றனர். அதனால் தண்டு மேலும் நீள்கிறது, வேர் அழுகுகிறது, சில நாள்களில் நாற்று சாய்ந்து மடிகிறது. வேறு சிலர் உயரமான நாற்றை நன்கு வளர்ந்த நாற்று என்று எண்ணி, விலை கொடுத்து வாங்கி நடுகின்றனர். இவ்விரு தவறுகளுக்கும் காரணம் ஒன்றுதான்: உயரத்தை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது.

அடையாளங்கள்

நெடுத்த நாற்றைப் பின்வரும் அடையாளங்களால் அறியலாம்.

• வேருக்கும் வித்திலைகளுக்கும் இடைப்பட்ட தண்டு, அதாவது வித்திலைக் கீழ்த்தண்டு, நூல்போல் மெலிந்து நீண்டிருக்கும்.
• கணுவிடைகள் நீண்டு, இலைகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் அமைந்திருக்கும்.
• இலைகள் சிறுத்து, இளமஞ்சள் அல்லது வெளிர்பச்சை நிறத்தில் இருக்கும்.
• நாற்று முழுவதும் ஒளி வரும் பக்கமாக வளைந்திருக்கும்.
• தன் எடையைத் தாங்க இயலாமல் சாயும். நீர் தெளித்தால் படுத்துவிடும்.
• வேர்த்தொகுதி சிறியதாக இருக்கும்.

இதே போன்று தோன்றும் பிற நிலைகளிலிருந்து இதனைப் பிரித்தறிய வேண்டும். தழைச்சத்துக் குறைந்த செடியில் முதிர்ந்த கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகும். செடி குட்டையாகவே நிற்கும். நாற்றழுகல் நோயில் மண்ணை ஒட்டிய தண்டுப்பகுதி நீர் கோத்ததுபோல் மென்மையாகிச் சுருங்கும். நாற்று அந்த இடத்தில் மடிந்து விழும். நெடுத்த நாற்றின் தண்டோ அடி முதல் நுனி வரை ஒரே சீராக மெலிந்திருக்கும். ஆயினும் நெடுத்த நாற்றின் தண்டுத் திசு மென்மையானது என்பதால் நாற்றழுகல் நோய் அதனை எளிதில் தாக்கும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

இருளில் நாற்று ஏன் நீள்கிறது?

விதை மண்ணுக்குள் முளைக்கிறது. மண்ணுக்குள் ஒளி இல்லை. இலையை விரித்துப் பச்சையத்தை உருவாக்குவதால் அங்கே பயன் ஏதும் இல்லை. எனவே விதையில் சேமித்து வைத்த உணவு முழுவதையும் தண்டை நீட்டுவதற்கே முளை செலவிடுகிறது. தண்டின் நுனி கொக்கிபோல் வளைந்து, உள்ளிருக்கும் இளங்குருத்தை மண்துகள்கள் சிதைக்காமல் காக்கிறது. மேற்பரப்பை எட்டி ஒளி பட்டவுடன் கொக்கி நிமிர்கிறது, வித்திலைகள் விரிகின்றன, பச்சையம் உருவாகிறது, தண்டு நீள்வது குறைகிறது.

மண்ணுக்குள் உயிர்காக்கும் இந்த ஏற்பாடே இருண்ட அறையில் கேடாகிறது. மண்ணுக்கு வெளியே வந்த பிறகும் போதிய ஒளி கிடைக்காவிட்டால், தான் இன்னும் ஏதோ ஒன்றின் அடியில் இருப்பதாகவே நாற்று செயல்படுகிறது. விதையின் சேமிப்பு தீரும் வரை நீள்கிறது. சேமிப்பு தீர்ந்தபின், ஒளிச்சேர்க்கையால் புதிய உணவு உண்டாக்க இயலாத நாற்று பட்டினியால் மடிகிறது. மொச்சை, பயறு போன்ற பெரிய விதைகள் இருளில் சில நாள்கள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். தக்காளி, கீரை போன்ற சிறுவிதைகளின் சேமிப்பு மிகக் குறைவு. அவற்றுக்கு அவகாசமும் குறைவு.

இவ்வாறு நீள்வது பெரும்பாலும் புதிய செல்கள் பெருகுவதால் அன்று. இருக்கும் செல்கள் நீரை உள்ளிழுத்து நீள்வதாலேயே ஆகும். ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் அரபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடியின் வித்திலைக் கீழ்த்தண்டில், நீளவாக்கில் ஏறத்தாழ 20 செல்களே உள்ளன. ஒளியில் வளர்ந்தாலும் இருளில் வளர்ந்தாலும் இந்த எண்ணிக்கை பெரிதும் மாறுவதில்லை. இருளில் வளரும்போது ஒவ்வொரு செல்லும் பல மடங்கு நீள்கிறது. ஊதிய பலூனின் உறை மெலிவதுபோல், நீண்ட தண்டும் உறுதியற்றதாகிறது.

ஒளியை அறியும் நிறமி

தாவரங்களுக்குக் கண் இல்லை. ஆனால் ஒளியின் அளவையும் நிறத்தையும் அறியும் நிறமிப் புரதங்கள் அவற்றில் உள்ளன. அவற்றுள் முதன்மையானது பைட்டோகுரோம். இது இரு வடிவங்களுக்கிடையே மாறக்கூடியது. ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் செயல்படும் வடிவமாகவும், ஏறத்தாழ 730 நானோமீட்டர் அலைநீளமுள்ள தொலைசிவப்பு ஒளி பட்டால் செயலற்ற வடிவமாகவும் மாறுகிறது. இருளில் வைத்தாலும் மெல்ல மெல்லச் செயலற்ற வடிவத்துக்குத் திரும்புகிறது.

தண்டை நீளச் செய்யும் மரபணுக்களை இயக்கும் புரதங்கள் சில நாற்றில் உள்ளன. செயல்படும் பைட்டோகுரோம் அப்புரதங்களைப் பிடித்து அழியச் செய்கிறது. இருளில் அவற்றைத் தடுப்பார் இல்லை. அதனால் ஆக்சின், ஜிப்ரலின் முதலிய வளர்ச்சி ஹார்மோன்களின் செயல் மிகுந்து தண்டு நீள்கிறது. ஒளி என்பது நாற்றுக்கு உணவு ஆக்கும் ஆற்றல் மட்டுமன்று, "இனி நீள வேண்டாம்" என்று சொல்லும் கட்டளையும் ஆகும். நீல ஒளியை அறியும் கிரிப்டோகுரோம் என்ற நிறமியும் இதே கட்டளையைத் தருகிறது.

நெருக்கமாக விதைத்த நாற்றுகள் நல்ல வெளிச்சத்திலும் நெடுத்துப்போவதற்கான விளக்கமும் இதில் உள்ளது. பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. தொலைசிவப்பு ஒளியின் பெரும்பகுதியை எதிரொளிக்கவும் ஊடுருவ விடவும் செய்கின்றன. அதனால் நெருக்கத்தில் நிற்கும் நாற்றுக்குச் சிவப்பு ஒளி குறைந்து தொலைசிவப்பு ஒளி மிகுகிறது. பக்கத்தில் போட்டியாளர் இருப்பதை இதைக்கொண்டு அறியும் நாற்று, முந்திக்கொண்டு உயர முயல்கிறது. இதற்கு நிழல் தவிர்ப்பு என்று பெயர். ஒரே குழியில் ஐந்தாறு விதைகளைப் போட்டால் எல்லா நாற்றுகளும் சோனியாக இருப்பது இதனாலேயே.

பச்சையம் இல்லாமைக்கும் ஒளியே காரணம். பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் வினைகளுள் ஒரு படி ஒளி இருந்தால் மட்டுமே நடைபெறும். இருளில் அந்தப் படிக்கு முந்தைய பொருள் சிறிதளவு தேங்கி நிற்கும். ஒளி பட்டதும் அது மாற்றமடைந்து, சில மணி நேரத்தில் இலை பசுமையாகத் தொடங்கும்.

வீட்டுக்குள் ஏற்படக் காரணங்கள்

ஒளியின் அளவு

மனிதக் கண் மங்கலான ஒளிக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். அதனால் அறைக்குள் நல்ல வெளிச்சம் இருப்பதாகத் தோன்றும். நாற்றின் கணக்கு வேறு. நண்பகல் நேரடி வெயிலின் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வெளியே திறந்த நிழலில் 10,000 லக்சுக்கு மேல் இருக்கும். விளக்கு எரியும் வீட்டு அறையில் 100 முதல் 300 லக்ஸ் அளவே இருக்கும். நேரடி வெயில் படாத சன்னல் ஓரத்தில் ஆயிரம், இரண்டாயிரம் லக்ஸ் கிடைக்கலாம். அங்கிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளினால் சில நூறாகக் குறைந்துவிடும். சன்னலில் நின்று பார்த்தால் வானத்தின் ஒரு துண்டு மட்டுமே தெரிகிறது. நாற்றுக்குக் கிடைப்பதும் அந்தத் துண்டின் ஒளி மட்டுமே.

வெப்பம்

வெப்பம் மிகுந்தால் தண்டு விரைந்து நீளும். பைட்டோகுரோமின் ஒரு வகை வெப்பத்தையும் உணர்கிறது என்பது 2016 ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. வெப்பம் கூடும்போது அதன் செயல்படும் வடிவம் விரைவாகச் செயலிழக்கிறது. எனவே வெப்பமான இருட்டறை, இரண்டு வகையிலும் நாற்றை நீட்டுகிறது. குளிர்நாடுகளில் கிடைக்கும் வழிகாட்டு நூல்கள் நாற்றுத்தட்டின் அடியில் வெப்பவிரிப்பு வைக்கச் சொல்வது உண்டு. தமிழ்நாட்டுச் சமவெளியில் அதற்குத் தேவை இல்லை.

மூடாக்கை எடுக்கத் தாமதித்தல்

குழித்தட்டுகளில் விதைத்தபின் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஈரம் காயாமல் பாலித்தீன் தாளால் மூடி வைப்பது வழக்கம். பயிரைப் பொறுத்து 3 முதல் 6 நாள்களில் முளைப்பு தொடங்கும். முதல் முளைகள் தலைகாட்டிய அன்றே தட்டுகளைப் பிரித்து வெளிச்சத்தில் பரப்ப வேண்டும். "எல்லாம் முளைக்கட்டும்" என்று இரண்டு நாள் காத்திருந்தால், முந்தி முளைத்தவை அனைத்தும் நெடுத்துவிடும். வீட்டில் சாக்கு, தட்டு, செய்தித்தாள் கொண்டு மூடுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

காற்றசைவு இன்மை

வெளியில் வளரும் நாற்றைக் காற்று ஓயாமல் அசைக்கிறது. அசைவை உணரும் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்கிறது. மூடிய அறையில் இந்தத் தூண்டல் இல்லை.

பருவமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் மூடியிருக்கும் நாள்கள் மிகுதி. மழையிலிருந்தும் அணிலிடமிருந்தும் காப்பதற்காக நாற்றுத்தட்டுகளை வீட்டுக்குள் கொண்டுவருவதும் இக்காலத்தில்தான். எனவே மாடித்தோட்டம் வைத்திருப்போர் இம்மாதங்களில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

தடுக்கும் முறைகள்

நாற்று நெடுத்த பிறகு சரிசெய்வதைவிட, முளைத்த முதல் வாரத்தில் தடுப்பது எளிது.

இடம்: இயன்றவரை முளைத்த நாள் முதலே நாற்றுகளை வெளியில் வளர்க்க வேண்டும். காலை வெயில் படும் மொட்டைமாடி அல்லது பால்கனி ஏற்றது. கோடையில் 50 விழுக்காடு நிழல்வலையின் கீழ் வைக்கலாம். நிழல்வலை ஊடே வரும் வெளிச்சம்கூட அறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு மிகுதி.

சன்னலோரம்: வீட்டுக்குள் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றால், கிழக்கு அல்லது தெற்கு நோக்கிய சன்னலின் விளிம்பிலேயே வைக்க வேண்டும். தட்டின் மறுபக்கத்தில் வெள்ளை அட்டையையோ அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையையோ நிறுத்தினால் ஒளி திரும்பி நாற்றின் மீது படும். தட்டை நாள்தோறும் அரைச்சுற்றுத் திருப்பினால் வளைவு குறையும். ஆனால் திருப்புவது ஒளியைக் கூட்டுவதில்லை. போதிய ஒளி இல்லாத இடத்தில் தட்டைத் திருப்பினால், நேராக நிற்கும் நெடிய நாற்றுகளே கிடைக்கும்.

செயற்கை ஒளி: இதற்கென விற்கும் விலை உயர்ந்த விளக்குகள் கட்டாயம் இல்லை. கடைகளில் கிடைக்கும் வெள்ளை எல்இடி பல்புகளும் குழல்விளக்குகளும் நாற்றுப் பருவத்துக்குப் போதுமானவை. அவற்றின் ஒளியில் நீலமும் சிவப்பும் உள்ளன. தொலைசிவப்பு மிகக் குறைவு. பழைய குண்டு பல்பு ஏற்றதன்று. அதன் ஒளியில் தொலைசிவப்பு மிகுதி, வெப்பமும் மிகுதி. நாற்றை அது மேலும் நீட்டும்.

விளக்கின் வாட்டைவிட அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே முதன்மையானது. ஒரு புள்ளியிலிருந்து பரவும் ஒளியின் செறிவு, தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும் என்பது பள்ளி இயற்பியல் பாடம். ஏறத்தாழ 900 லூமென் தரும் 9 வாட் எல்இடி பல்பை எடுத்துக்கொள்வோம். அதன் ஒளி கீழ்நோக்கிச் சீராகப் பரவுவதாகக் கொண்டால், ஒரு மீட்டர் கீழே கிடைப்பது சுமார் 140 லக்ஸ். அதே பல்பை 20 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் தொலைவு ஐந்தில் ஒரு பங்காகிறது. ஒளி 25 மடங்காகி, சுமார் 3,500 லக்ஸ் ஆகிறது. 15 செ.மீ. உயரத்தில் 6,000 லக்சைத் தாண்டுகிறது. கூரையில் எரியும் விளக்கு நாற்றுக்கு ஏன் பயன்படுவதில்லை என்பது இக்கணக்கால் விளங்கும். நீண்ட குழல்விளக்கில் ஒளி இவ்வளவு விரைவாகக் குறைவதில்லை; எனினும் அருகில் வைப்பதே அங்கும் விதி.

ஒரு சிறிய தட்டுக்கு இத்தகைய பல்புகள் இரண்டு அல்லது மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, நாற்றின் நுனியிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடலாம். நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்த வேண்டும். கையை நாற்றின் உயரத்தில் சிறிது நேரம் வைத்துப் பார்க்கும்போது சூடு உறைத்தால், விளக்கு மிக அருகில் உள்ளது என்று பொருள். இரவு முழுவதும் எரியவிடக் கூடாது. ஓயாத ஒளியில் தக்காளி இலைகள் மஞ்சளித்துப் பழுதடையும். மின்கம்பிகளையும் இணைப்புகளையும் தண்ணீர் தெளிக்கும் இடத்திலிருந்து விலக்கிப் பாதுகாப்பாக அமைக்க வேண்டும்.

இடைவெளி: குழிக்கு ஒரு விதை அல்லது இரண்டு விதை போதும். இரண்டும் முளைத்தால், வித்திலை விரிந்தவுடன் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் அடியோடு நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் மற்றதன் வேர் அசையும்.

நீரும் உரமும்: பூவாளியால் காலையில் நீர் தெளித்து, மேல்மண் சற்று உலர்ந்தபின் அடுத்த முறை தெளிக்க வேண்டும். தென்னை நார்க்கழிவுடன் மண்புழு உரம் கலந்த கலவையில் வளரும் நாற்றுக்கு, முதல் இரண்டு உண்மை இலைகள் வரும் வரை தனியாக உரம் தேவைப்படாது. விதைக்குமுன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்வது நாற்றழுகலைக் குறைக்கும்.

அசைவு: நாளுக்கு இரண்டு முறை, உள்ளங்கையால் அல்லது ஒரு தாளால் நாற்றுகளின் நுனியை மெல்லத் தடவிவிடலாம். ஒவ்வொரு முறையும் பத்து தடவல்கள் போதும். மின்விசிறியின் மென்காற்று சில மணி நேரம் படுமாறும் வைக்கலாம். ஈரமான இலைகளைத் தடவக் கூடாது. புகையிலை தொட்ட கையால் தக்காளி, மிளகாய் நாற்றுகளைத் தொடக் கூடாது. தேமல் நோய் வைரசு அவ்வழியே பரவும்.

நெடுத்த நாற்றை மீட்டல்

நீண்டுவிட்ட செல் மீண்டும் சுருங்காது. எனவே நெடுத்த தண்டைக் குட்டையாக்க எந்த வழியும் இல்லை. இனி வரும் வளர்ச்சியை உறுதியாக்குவதும், நீண்ட தண்டைத் தாங்கச் செய்வதுமே மீட்பு ஆகும்.

முதலாவதாக, ஒளியைக் கூட்ட வேண்டும். ஆனால் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இருளில் வளர்ந்த இலையின் மேற்புறத்தில் காப்பு மெழுகுப்படலம் மெல்லியது; கடும் ஒளியிலிருந்து காக்கும் நிறமிகளும் குறைவு. அதனை நேரே நண்பகல் வெயிலில் வைத்தால் இலைகள் வெளுத்துக் காய்ந்துவிடும். முதல் இரண்டு நாள்கள் வெளியே நிழலில் வைக்கலாம். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில் போதும். பின்னர் நாள்தோறும் ஒரு மணி நேரம் கூட்டினால் ஏழு அல்லது எட்டு நாள்களில் நாற்று வெயிலுக்குப் பழகிவிடும். இது கடினப்படுத்துதல் எனப்படும்.

இரண்டாவதாக, சாயும் நாற்றுக்கு ஈர்க்குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டலாம், அல்லது தண்டைச் சுற்றி மண்கலவையை அணைக்கலாம்.

மூன்றாவதாக, மாற்றி நடும்போது ஆழத்தை மாற்றலாம். ஆனால் இது எல்லாப் பயிருக்கும் பொருந்தாது. ஒரு பயிருக்கு மருந்தாவது இன்னொன்றைக் கொன்றுவிடும்.

• தக்காளி: தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். எனவே வித்திலைகள் வரையிலும், தேவையானால் அதற்கு மேலும் புதைக்கலாம். புதையும் பகுதியிலுள்ள இலைகளை நீக்கிவிட வேண்டும். மிக நெடுத்த நாற்றைக் குழியில் சாய்வாகக் கிடத்தி, நுனி மட்டும் வெளியே நிற்குமாறு மண் மூடலாம். இவ்வாறு நட்ட நாற்று, நெடுத்த தண்டையே கூடுதல் வேராக மாற்றிக்கொள்கிறது.
• மிளகாய், கத்தரி: தக்காளிபோல் எளிதில் வேர் விடுவதில்லை. வித்திலைக்குச் சற்றுக் கீழ் வரை புதைப்பது தாங்கும். அதற்கு மேல் புதைப்பதைத் தவிர்க்க வேண்டும்.
• முட்டைக்கோசு, காலிபிளவர்: வித்திலை வரை புதைக்கலாம். நடுக்குருத்தில் மண் படக் கூடாது.
• வெள்ளரி, சுரை, பீர்க்கன், பாகல், அவரை: மீட்க முயல்வதைவிட மீண்டும் விதைப்பதே நல்லது. இவை விரைந்து முளைப்பவை. மாற்றி நடுவதையும் விரும்பாதவை.
• கீரைகள்: நெருக்கத்தைக் கலைத்து வெளிச்சத்தில் வைத்தால் போதும். மிக நெடுத்திருந்தால் மறுபடி விதைக்கலாம்.
• பப்பாளி: ஆழமாகப் புதைக்கக் கூடாது. தண்டு அழுகும்.

வித்திலைகள் ஏற்கெனவே வாடி உதிர்ந்து, உண்மை இலைகளும் வராத நாற்றை மீட்பது அரிது. அத்தகைய தட்டில் ஒரு வாரம் செலவிடுவதைவிட அன்றே மறுவிதைப்பு செய்வது பருவத்தை இழக்காமல் காக்கும். ஆடிப்பட்டம், தைப்பட்டம் எனப் பட்டம் பார்த்து விதைக்கும் பயிரில் இழந்த விதையைவிட இழந்த நாள்களே பெரிய இழப்பு.

தவறான வைத்தியங்கள்

யூரியா இடுதல்: இது மிகுதியாகக் காணப்படும் தவறு. தழைச்சத்து மென்மையான தண்டு வளர்ச்சியைத் தூண்டும். ஒளி இல்லாத நாற்று அந்தச் சத்தைக்கொண்டு உறுதியான திசுவை உருவாக்க இயலாது. மெல்லிய வேர்கள் உப்பின் செறிவால் கருகவும் கூடும்.

அதிக நீர்: ஒளிச்சேர்க்கையும் நீராவிப்போக்கும் குறைந்த நாற்று சிறிதளவு நீரையே பயன்படுத்தும். மிஞ்சும் ஈரம் நாற்றழுகலுக்கு வழிகோலும்.

நுனி கிள்ளுதல்: வளர்ந்த செடியில் பக்கக்கிளை வருவதற்காகச் செய்யும் முறை இது. வித்திலை நிலையிலுள்ள நாற்றின் நுனியைக் கிள்ளினால், இருக்கும் ஒரே வளர்முனையும் போய்விடும்.

வளர்ச்சித் தடுப்பான்கள்: அலங்காரச் செடி வளர்ப்பில் தண்டைக் குட்டையாக்க வேதிப்பொருள்கள் பயன்படுத்தப்படுகின்றன. வீட்டில் வளர்க்கும் காய்கறி நாற்றுக்கு அவை தேவையற்றவை. உண்ணும் பயிரில் விரும்பத்தக்கவையும் அல்ல.

நாற்று வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நாற்றுப்பண்ணையில் ஒரே தட்டில் உயரமான நாற்றும் குட்டையான நாற்றும் இருந்தால், கை இயல்பாக உயரமானதையே நாடும். தண்டு தடித்து, கணுவிடை குறுகி, இலை கரும்பச்சையாக உள்ள குட்டை நாற்றே நட்டபின் விரைவில் வேர்பிடிக்கும். தட்டை லேசாக அசைத்தால் நிமிர்ந்து நிற்க வேண்டும். குழியிலிருந்து எடுத்தால் வேர் மண்ணைக் கெட்டியாகப் பற்றியிருக்க வேண்டும். விதைத்த நாளையும் கேட்டறிய வேண்டும். குழித்தட்டில் தக்காளி நாற்று ஏறத்தாழ 25 நாள்களிலும், கத்தரி, மிளகாய் நாற்றுகள் ஏறத்தாழ 30 முதல் 40 நாள்களிலும் நடவுக்கு வரும். அந்த வயதுக்கு முன்பே நடவு உயரத்தை எட்டிவிட்ட நாற்று, பெரும்பாலும் நெருக்கத்திலோ நிழலிலோ நெடுத்ததாக இருக்கும்.

ஆய்வு வரலாறு

சார்லசு டார்வினும் அவர் மகன் பிரான்சிசு டார்வினும் புல் நாற்றுகளைக் கொண்டு சோதனைகள் செய்து, 1880 இல் தாவரங்களின் அசைவுகள் பற்றிய நூலை வெளியிட்டனர். நாற்றின் நுனியை மூடிவிட்டால் அது ஒளியை நோக்கி வளைவதில்லை என்று அவர்கள் கண்டனர். ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழுள்ள பகுதி என்ற இக்கருத்து, பின்னர் ஆக்சின் கண்டுபிடிக்கப்பட அடிப்படையாயிற்று.

1926 இல் சப்பானிய அறிஞர் எயிச்சி குரோசாவா, நெல்லில் வரும் ஒரு நோயை ஆராய்ந்தார். அந்நோய் கண்ட நெல் நாற்றுகள் மற்றவற்றைவிட வெளிறி, மெலிந்து, உயரமாக வளர்ந்து, கதிர் பிடிக்காமல் மடிந்தன. சப்பானியர் இதனைப் பேதை நாற்று என்று பொருள்படும் பக்கானே என்ற பெயரால் அழைத்தனர். ஒரு பூஞ்சை வெளியிடும் பொருளே இதற்குக் காரணம் என்று குரோசாவா காட்டினார். அப்பொருள் பின்னர் ஜிப்ரலின் எனப் பெயர் பெற்றது. நல்ல வெயிலில் நிற்கும் நெல் நாற்றுகளில் சில மட்டும் தனித்து உயர்ந்து வெளிறினால், ஒளிக்குறைவைவிட இந்நோயையே ஐயுற வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் பெல்ட்சுவில் நகரிலுள்ள வேளாண் ஆய்வு மையத்தில், 1952 இல் லெட்யூசு கீரை விதைகள் சிவப்பு ஒளியில் முளைப்பதும், தொலைசிவப்பு ஒளியால் அந்த விளைவு நீங்குவதும் கண்டறியப்பட்டன. 1959 இல் அதற்குக் காரணமான பைட்டோகுரோம் நிறமியைக் கருவிகளால் கண்டனர். தொடுதலும் அசைவும் தாவர வளர்ச்சியை மாற்றுவதை மார்க் சாபி 1973 இல் விரிவாக விளக்கினார்.

வேண்டுமென்றே வெளிறச் செய்தல்

இந்த இயல்பை மக்கள் பயனுக்காகவும் கையாள்கின்றனர். தென்தமிழக அம்மன் கோயில் திருவிழாக்களில் எடுக்கப்படும் முளைப்பாரிக்கு, நவதானியங்களை வெயில் படாத அறையில் முளைக்க விடுவர். உயர்ந்து, இளமஞ்சளாக, மென்மையாக நிற்கும் அந்த முளைகள் வெளிறிய நெடுவளர்ச்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பாவில் மண் அணைத்து வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டுகளை விளைவிக்கின்றனர். இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் ரூபார்ப் செடியை இருட்டுக் கொட்டகைகளில் வளர்த்து இளந்தண்டுகளை அறுவடை செய்கின்றனர். ஒளி படாத திசு நார் குறைந்து மென்மையாக இருப்பதே இவற்றின் சுவைக்குக் காரணம். உண்பதற்கு நன்மையான அந்த மென்மையே, நட்டு வளர்க்க வேண்டிய நாற்றுக்குக் குறையாகிறது.

மாணவர்களுக்கான சோதனை

மூன்று குவளைகளில் ஒரே அளவு மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் பத்து பாசிப்பயறு விதைகளை ஊன்ற வேண்டும். முதல் குவளையை வெளியே வெளிச்சத்திலும், இரண்டாவதைக் கதவு மூடிய அலமாரியிலும், மூன்றாவதை நான்கு நாள்கள் அலமாரியிலும் பின்னர் வெளிச்சத்திலும் வைக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே அளவு நீர் தெளிக்க வேண்டும். நாள்தோறும் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

எட்டாம் நாள் அலமாரிக் குவளையின் நாற்றுகளே மிக உயரமாக இருக்கும். மூன்றாம் குவளையில், வெளிச்சத்துக்கு வந்த ஓரிரு நாளில் இலைகள் விரிந்து பச்சையாகும். ஆனால் நீண்ட தண்டு நீண்டபடியே இருக்கும். பின்னர் மூன்று குவளைகளின் நாற்றுகளையும் வேரோடு எடுத்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை பார்க்க வேண்டும். பத்து நாற்றுகளின் எடை மிகக் குறைவு என்பதால், துல்லியமான ஆய்வகத் தராசு தேவைப்படும். முதல் குவளையின் நாற்றுகள் உயரத்தில் குறைந்தும் உலர் எடையில் மிகுந்தும் இருக்கும். அலமாரியில் வளர்ந்தவை உயரத்தில் முந்தியிருந்தாலும், அவற்றின் உலர் எடை ஊன்றிய விதைகளின் எடையைவிடக் குறைந்திருக்கும். அவை சேமிப்பைச் செலவழித்து நீண்டனவே தவிர, புதிதாக எதையும் ஈட்டவில்லை.